லிஃப்ட் போட்ட பிக்கப்புக்கு எந்த டயர் உட்காரும்?

"அண்ணா, ரெண்டு இஞ்ச் லிஃப்ட் போட்டாச்சு. இப்ப 33 இஞ்ச் டயர் உட்காருமா?" பிக்கப் வாங்கி ஒரு வருஷம் ஆவதற்குள் பெரும்பாலானவர்கள் கேட்டுவிடுகிற கேள்வி இது. பெங்களூர் ஜே.சி. ரோட்டில் டயரும் அலாயும் விற்கிற கடைகளில் இதைத் தமிழிலேயே கேட்கலாம், தமிழிலேயே பதிலும் வரும். "உக்காரும் தம்பி" என்பார்கள். அது பொய்யில்லை. நிற்கிற வண்டியில் அந்த டயர் உட்காரத்தான் செய்யும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துக்கொண்டு, ஒரு பக்கச் சக்கரம் மேட்டில் ஏறும்போது என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. அதை நாமும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

டயர் உரசுவது அந்த இரண்டாவது நிலையில்தான். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரிந்துவிடும். உதாரணத்துக்கு இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்கிறேன்: 2016-ல் இங்கே வந்த இசுசு வி-கிராஸ், 2022-ல் வந்த டொயோட்டா ஹைலக்ஸ். நம் ஊர்ச் சாலையில் சொந்த உபயோகத்துக்கு ஓடுகிற பிக்கப்களில் அடிக்கடி கண்ணில் படுவது இவைதான். இரண்டுக்கும் அடிப்படை அமைப்பு ஒன்றே. முன்சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும், காயில் ஸ்பிரிங். பின்னால் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் ஒரே ஆக்சில், அதன்மேல் பட்டை ஸ்பிரிங்.

லிஃப்ட் எதைத் தூக்குகிறது?

சஸ்பென்ஷன் லிஃப்ட் என்பது சக்கரத்துக்கும் சேஸிஸுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைக் கூட்டுவது. முன்னால் நீளமான அல்லது கெட்டியான காயில் போடுவார்கள். செலவு குறைக்க நினைப்பவர்கள் ஸ்ட்ரட்டின் (காயிலும் ஷாக்கும் சேர்ந்த தூண்) தலையில் ஒரு ஸ்பேசர், அதாவது ஒரு கட்டை, வைப்பார்கள். பின்னால் பட்டையின் வளைவைக் கூட்டுவார்கள், கூடுதலாக ஒரு பட்டை சேர்ப்பார்கள், அல்லது ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவில் ஒரு கட்டையைச் செருகுவார்கள். முன்னால் வைக்கும் ஸ்பேசரில் ஒரு சங்கதி உண்டு. ஸ்ட்ரட்டின் அடிப்பக்கம், சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கிற இரண்டு கைகளில் கீழ்க் கையின் நுனியில் இல்லாமல் நடுவாக்கில் மாட்டியிருப்பதால், 25 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் வண்டி ஏறக்குறைய அதைப்போல இரு மடங்கு உயரும். "ஒரு இஞ்ச் ஸ்பேசர்தானே" என்று நினைத்து இரண்டு இஞ்ச் லிஃப்ட்டோடு வீட்டுக்கு வந்தவர்கள் உண்டு.

இதில் தூக்கப்படுவது சேஸிஸும் அதன்மேல் உட்கார்ந்திருப்பவையும். பின் ஆக்சிலின் ஹவுசிங் இருந்த இடத்திலேயேதான் இருக்கும். கல்லில் முதலில் முட்டப்போவது அந்த ஹவுசிங்தான். அதைத் தரையிலிருந்து உயர்த்த ஒரே வழி பெரிய டயர். முன்பக்க டிஃபரன்ஷியல் சேஸிஸோடு சேர்ந்திருப்பதால் அது லிஃப்ட்டோடு மேலே போகும். பின்பக்கம் போகாது.

இப்போது முக்கியமான விஷயம். லிஃப்ட், டயருக்கு இடம் உண்டாக்கித் தருகிறதா? நிற்கும்போது தருகிறது. ஆனால் சக்கரம் மேலே எவ்வளவு தூரம் போகலாம் என்பதைத் தீர்மானிப்பது பம்ப் ஸ்டாப் என்கிற ரப்பர் கட்டை. லிஃப்ட் போடும்போது யாரும் அதைத் தொடுவதில்லை. எனவே சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கினால் சக்கரம் மட்கார்டுக்குள் லிஃப்ட்டுக்கு முன்னால் எந்த இடம் வரை போனதோ, அதே இடத்துக்குப் போய்ச் சேரும். ஒருவர் எழுந்து விறைப்பாக நின்றாலும் சரி, கூனிக்கொண்டு நின்றாலும் சரி, குத்தவைத்து உட்கார்ந்தால் ஒரே உயரம்தான். தடித்த அடி வைத்த செருப்பு மட்டும்தான் உட்கார்ந்த நிலையிலும் உயரம் காட்டும். லிஃப்ட்டுக்கும் டயருக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

அப்படியானால் லிஃப்ட் டயருக்கு உதவவே உதவாதா என்றால், உதவும், வேறு விதத்தில். ஒரு பேச்சுக்கு, கம்பெனி வண்டியில் சக்கரம் பம்ப் ஸ்டாப்பைத் தொட 80 மி.மீ. மேலே போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 50 மி.மீ. லிஃப்ட் போட்டால் அது 130 ஆகிறது. ஊருக்குள் ஏறி இறங்குகிற சாதாரண ஸ்பீடு பிரேக்கருக்கு அவ்வளவு அமுங்காது. அதாவது, உரசுகிற இடம் ஒழியவில்லை, அங்கே போய்ச் சேர்கிற சந்தர்ப்பம் குறைந்திருக்கிறது. இதனால்தான் "என் வண்டியில் உரசவே இல்லையே" என்று ஒருவரும், "எனக்கு மட்கார்டு உள் லைனர் கிழிந்தே போச்சு" என்று இன்னொருவரும், ஒரே வண்டி, ஒரே டயரை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். முதலாமவர் சில்க் போர்டு தாண்டி எலக்ட்ரானிக் சிட்டி போய்வருகிறவர். இரண்டாமவர் சக்லேஷ்பூர் எஸ்டேட் பாதையில் நாலு பேரோடும் கூடாரத்தோடும் போனவர்.

பாடி லிஃப்ட் என்று ஒன்றும் இருக்கிறது. சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவில் கட்டை வைத்துப் பாடியை மட்டும் தூக்குவது. மட்கார்டே மேலே போய்விடுவதால், எந்த நிலையிலும் டயருக்கு உண்மையான கூடுதல் இடம் கிடைக்கும். ஆனால் ஸ்டியரிங் ஷாஃப்ட், ரேடியேட்டர் ஹோஸ், கியர் லீவர், பம்பர் என்று எல்லாவற்றோடும் மல்லுக்கட்ட வேண்டும். நம் ஊரில் இதை ஒழுங்காகச் செய்பவர்கள் குறைவு. புதிதாக இறங்குபவர் இதை மறந்துவிடலாம்.

டயரின் எண்ணைப் படிப்பது

ஹைலக்ஸின் ஒரு மாடலில் 265/65 ஆர்17, இன்னொன்றில் 265/60 ஆர்18 வருகிறது. 265 என்பது டயரின் அகலம், மி.மீ. கணக்கில். 60 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 60 சதவீதம்: 159 மி.மீ. 18 என்பது ரிம்மின் விட்டம், இஞ்ச்சில். மொத்த உயரம் வேண்டுமானால் இரண்டு பக்கச்சுவரையும் ரிம்மையும் கூட்டினால் போதும். 159-ஐ இருமடங்காக்கினால் 318. 18 இஞ்ச் என்பது 457 மி.மீ. ஆகமொத்தம் 775 மி.மீ., அதாவது 30.5 இஞ்ச். 265/65 ஆர்17-க்கும் இதே கணக்கைப் போட்டால் 776 வரும். கம்பெனிக்காரர் ரிம்மை மாற்றினாலும் டயரின் மொத்த உயரத்தை மாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். காரணம் இல்லாமல் இல்லை. ஸ்பீடோமீட்டர், ஏபிஎஸ், கியர் விகிதம் எல்லாம் அந்த உயரத்தை நம்பித்தான் இருக்கின்றன.

இங்கே எல்லோரும் ஆசைப்படுகிற இரண்டு அளவுகள் உண்டு. 265/70 ஆர்17: 803 மி.மீ., கிட்டத்தட்ட 31.6 இஞ்ச். 285/70 ஆர்17: 831 மி.மீ., 32.7 இஞ்ச், இதைத்தான் கடையில் "33" என்பார்கள். முதலாவது கம்பெனி டயரை விட ஏறக்குறைய மூன்றரை சதவீதம் பெரிது, இரண்டாவது ஏழு சதவீதம். வி-கிராஸின் பல மாடல்களில் வரும் 255/60 ஆர்18 இன்னும் சின்னது, 763 மி.மீ. அதிலிருந்து 265/65 ஆர்18-க்குப் போனாலே, 802 மி.மீ., ஐந்து சதவீதம் கூடிவிடும்.

சதவீதம் எதற்கு? ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது 285/70 போட்ட ஹைலக்ஸ் கம்பெனி டயரில் ஓடியதைவிட 7 சதவீதம் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும். கிலோமீட்டர் ரீடிங்கும் அதே அளவு குறைவாகப் பதிவாகும். ஆகவே டயர் மாற்றிய பிறகு "மைலேஜ் பயங்கரமா விழுந்துடுச்சு" என்று அலறுவதற்கு முன்னால், ஓடிய தூரத்தை 1.07-ஆல் பெருக்கிப் பாருங்கள். அப்புறமும் மைலேஜ் குறைந்திருக்கும், அது வேறு. ஆனால் பாதி அலறல் கணக்குப் பிழை.

பெரிய டயர் கியரையும் மாற்றிவிடுகிறது. இன்ஜின் ஒரு சுற்றுக்கு வண்டியை அதிக தூரம் தள்ள வேண்டும். சமவெளியில் பெரிதாகத் தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியரில் ஏறிக்கொண்டிருந்தவர் முதல் கியருக்கு வரும்போது தெரியும். பிரேக்கும் அதேபோல்தான். சுற்றுகிற எடை கூடி, விட்டமும் கூடியதால் நிறுத்தக் கூடுதல் அழுத்தம் கேட்கும்.

இவ்வளவுக்கும் பிறகு தரையிலிருந்து கிடைப்பது எவ்வளவு என்றால், விட்டம் கூடியதில் பாதி. 265/70-க்கு 14 மி.மீ., 285/70-க்கு 28 மி.மீ. என் கருத்தைக் கேட்டால், பெங்களூரில் தினம் ஓட்டி, மாதம் ஒருமுறை காடுமேடு போகிற வண்டிக்கு 265/70 ஆர்17 போதும். ஹைலக்ஸில் பொதுவாக அதற்குப் பெரிய வெட்டுக்குத்து தேவைப்படாது. 285 என்பது கண்ணுக்கு அழகு, மட்கார்டுக்குத் தலைவலி.

ரிம்தான் வில்லன்

டயர் உரசினால் எல்லோரும் டயரைத் திட்டுகிறார்கள். பல நேரங்களில் குற்றவாளி ரிம். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான்.

ரிம்மின் அகலத்தை நடுவில் ஒரு கோடு போட்டுப் பிரியுங்கள். ஹப்பில் (ரிம்மை நட்டுப் போட்டு மாட்டுகிற நடுப்பகுதி) போய் ஒட்டுகிற முகம் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதுதான் ஆஃப்செட். முகம் வெளிப்பக்கமாகத் தள்ளியிருந்தால் பிளஸ்; ரிம் வண்டிக்குள் ஒதுங்கி நிற்கும். முகம் உள்பக்கமாக இருந்தால் மைனஸ். ரிம் வெளியே துருத்தும். ஹைலக்ஸின் கம்பெனி ரிம் 7.5 இஞ்ச் அகலம், பிளஸ் 30.

கடையில் பெருமையாகக் காட்டுகிற ஒரு அலாயை எடுத்துக்கொள்வோம்: 9 இஞ்ச் அகலம், பிளஸ் 12. கம்பெனி ரிம்மின் பாதி அகலம் 95 மி.மீ. அதில் 30 போனால் 65. அதாவது ஹப் முகத்திலிருந்து 65 மி.மீ. வெளியே ரிம்மின் விளிம்பு. புதிய ரிம்மின் பாதி அகலம் 114. அதில் 12 போனால் 102. ஆக ரிம்மின் வெளி விளிம்பு 37 மி.மீ. வெளியே வந்துவிட்டது. உள்பக்கமும் பார்க்க வேண்டும்: முன்னது 95 கூட்டல் 30, 125, பின்னது 114 கூட்டல் 12, 126. உள்ளே கிட்டத்தட்ட அதே இடம். உள்பக்கம் மேல் கையில் முட்டாது என்று கடைக்காரர் சொல்வது உண்மைதான். வெளிப்பக்கத்தைப் பற்றி அவர் பேசவில்லை.

வெளியே வந்தால் என்ன? மட்கார்டுக்கு வெளியே சேறு தெறிக்கும், சரி, அதைச் சகித்துக்கொள்ளலாம். பெரிய சிக்கல் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது. முன்சக்கரம் தன் நடுவைச் சுற்றித் திரும்புவதில்லை. அதற்கு உள்பக்கமாக, மேல் கை, கீழ்க் கை இரண்டின் நுனியிலும் இருக்கிற பால் ஜாயின்ட்களை இணைக்கிற கோட்டைச் சுற்றித் திரும்புகிறது. சக்கரம் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு வெளியே போகிறதோ, அவ்வளவு பெரிய வட்டத்தில் வீசும். ஒரு பக்கம் ஒடித்தால் முன்னால் பம்பரை நோக்கியும், மறுபக்கம் ஒடித்தால் பின்னால் கேபினை நோக்கியும் டயர் நகரும். பின்னால் அதற்காகக் காத்திருப்பது கேபினைச் சேஸிஸோடு பிடித்திருக்கும் பாடி மவுண்ட். பிளாஸ்டிக் லைனரைச் சூடு காட்டி உள்ளே தள்ளிவிடலாம், மட்ஃப்ளாப்பை வெட்டலாம். பாடி மவுண்ட் இரும்பு. அதன் மூலையை வெட்டி மறுபடி வெல்டிங் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கேபினின் எடையைத் தாங்கும் இடத்தில் வெல்டிங் மெஷினை வைப்பது, வண்டி வாங்கிய முதல் வருஷத்தில் செய்கிற வேலையில்லை.

அதனால், அதே 285 டயர் கம்பெனி ரிம்முக்கு அருகான ஆஃப்செட்டில் லைனரை லேசாகத் தடவிவிட்டுப் போகும், 37 மி.மீ. வெளியே தள்ளிய ரிம்மில் பாடி மவுண்டைக் கடிக்கும். டயரை ஒரு அளவு குறைப்பதை விட ரிம்மை உள்ளே இழுப்பது பல நேரம் அதிகப் பலன் தரும். ஆனால் ரொம்பவும் உள்ளே இழுத்தால் டயரின் உள்சுவர் மேல் கையிலோ ஸ்டெபிலைசர் பாரிலோ உரசும். இரண்டு பக்கமும் அளந்து நடுவில் ஓர் இடம் பிடிப்பதுதான் வேலை. வெளியே தள்ளுவதால் வீல் பேரிங்குக்கும் சுமை கூடும். குழியில் இறங்கினால் ஸ்டியரிங் கையை வெடுக்கென்று இழுக்கும். கம்பெனி ரிம்மை வைத்துக்கொண்டே ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் ஸ்பேசர் போட்டு வெளியே தள்ளுவதும் இதே விளைவுதான், ரிம் விலை மட்டும் மிச்சம். வாஷர் மாதிரி நடுவில் செருகுகிற மெல்லிய ஸ்பேசரை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஹப்பில் உட்காருவதற்கு வேறு அளவுகளும் பொருந்த வேண்டும். ஹைலக்ஸ், வி-கிராஸ் இரண்டுக்குமே 6 நட்டு, அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 139.7 மி.மீ. அதனால் ஒன்றின் ரிம் மற்றதில் மாட்டிவிடும் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். நடு ஓட்டையும் ஆஃப்செட்டும் பிரேக் காலிப்பர் இடைவெளியும் தனி. ஹைலக்ஸின் ஹப் 106.1 மி.மீ. புதிய அலாயின் நடு ஓட்டை அதைவிடப் பெரிதாக இருந்தால் நடுவில் வளையம் வைத்து ஈடுகட்ட வேண்டும், இல்லாவிட்டால் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் போகாது. நட்டும் அப்படித்தான். கம்பெனி அலாய்க்கு வந்த நட்டின் அடி ஒரு வடிவத்தில் இருக்கும், வெளி அலாய்க்குப் பெரும்பாலும் கூம்பு அடி வேண்டும். பழைய நட்டையே போட்டு முறுக்கிவிட்டால் அது இறுகினதுபோல் இருக்கும், ஓட ஓடத் தளரும்.

18 இஞ்ச் ரிம்மிலிருந்து 17-க்கு இறங்குவதை நான் ஆதரிக்கிறேன். டயரின் மொத்த உயரம் அதேதான், ஆனால் பக்கச்சுவர் உயரம் கூடும். கல்லில் ரிம் நசுங்குவது குறையும், காற்றை இறக்கி ஓட்டவும் வசதி. வெளியூர் மலைப்பாதையை விடுங்கள், ஒயிட்ஃபீல்டில் மழைக்குப் பிறகு தண்ணீர் மூடிய குழிகளுக்கே அந்தப் பக்கச்சுவர் தேவை.

டயரின் பக்கத்தில் 112எஸ் என்பதுபோல் ஒரு குறி இருக்கும். 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும், எஸ் என்றால் மணிக்கு 180 கி.மீ. வரை. கம்பெனி போட்டதற்குக் குறைவாக எதையும் வாங்காதீர்கள். பிக்கப் என்பது பின்னால் சுமை ஏற்றுவதற்கான வண்டி. எல்டி என்று எழுதியிருப்பவை லைட் டிரக் டயர்கள், சுவர் தடிப்பானவை, எடை அதிகம். அதற்குக் காற்றும் அதிகம் வேண்டும், சவாரி கட்டையாக இருக்கும். ஊருக்குள் ஓட்டுவதே அதிகம் என்றால் சாதாரண ஏ.டி. (ஆல் டெர்ரெய்ன், தார் ரோடு, மண் ரோடு இரண்டுக்குமானது) டயரே நல்லது.

லிஃப்ட் தன் பங்குக்குச் செய்யும் சேட்டைகள்

முன்னால் தூக்கியதும் கைகள் கீழ்நோக்கிச் சாய்கின்றன. அதனால் கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாயும் கோணம்) பிளஸ் பக்கம் போகும், காஸ்டர் (பக்கவாட்டில் பார்த்தால் சக்கரம் திரும்புகிற கோடு பின்னால் சாயும் கோணம்) குறையும். காஸ்டர் குறைந்தால் ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது. நைஸ் ரோட்டில் வேகமாகப் போகும்போது வண்டி அலைபாயும். எனவே லிஃப்ட் போட்ட அன்றைக்கே அலைன்மென்ட் கட்டாயம். ஸ்பிரிங் சற்று இறங்கி அமரும் என்பதால் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு முறை. அலைன்மென்ட் செய்பவரிடம் டயர் பின்பக்கம் உரசுவதை முன்கூட்டியே சொல்லுங்கள். கீழ்க் கையின் கேம் போல்ட்டில் இருக்கிற இடத்துக்குள் சக்கரத்தைச் சில மி.மீ. முன்னால் தள்ளிக் கொடுக்க முடியும். காஸ்டரும் கூடும், பாடி மவுண்டும் தப்பும். கம்ப்யூட்டரில் பச்சை எரிந்தால் போதும் என்று நிற்பவரிடம் இந்த வேலை ஆகாது. இரண்டு இஞ்ச்சுக்குப் பக்கம் போய்விட்டால், காஸ்டரைத் திருப்பிக் கொடுக்கிற மாற்று மேல் கைகள் வாங்குவது பிறகு டயர் தேய்வதைவிட லாபம்.

இரண்டு இஞ்ச்சைத் தாண்டினால் முன்சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகிற ஷாஃப்ட்டின் வளையும் மூட்டான சிவி ஜாயின்ட் கோணம் கூடும். ரப்பர் பூட் கிழியும், கிரீஸ் வழியும், பிறகு ஜாயின்ட்டே போகும். பலர் இரண்டு இஞ்ச்சோடு நிறுத்துவதன் காரணம் இதுதான். ஸ்ட்ரட் தலையில் வைக்கிற ஸ்பேசரில் இன்னொரு கெடுதல்: சக்கரம் தொங்கும் எல்லையும் அதோடு கீழே இறங்கிவிடுவதால், குழியில் சக்கரம் தொங்கும்போது மேல் பால் ஜாயின்ட் வளையக்கூடிய அளவு முழுக்கத் தீர்ந்துவிடும். அமுங்கும்போதோ, பம்ப் ஸ்டாப்பைத் தொடுவதற்குள் ஷாக் உள்ளுக்குள் முட்டிவிடவும் வாய்ப்புண்டு.

பின்பக்கத்தில் கவனிக்க வேண்டியது பிரேக். சில பிக்கப்களில் பின் ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ஒரு கம்பியோடு இணைந்த வால்வு இருக்கும்; சுமை ஏறி பின்பக்கம் தாழ்ந்தால் அது பின்பிரேக்குக்கு அதிக அழுத்தம் கொடுக்கும். லிஃப்ட் போட்டதும் வண்டி எப்போதும் காலியாக இருப்பதாக அது நினைத்துக்கொள்ளும். உங்கள் வண்டியில் அந்த வால்வு இருந்தால் அதன் கம்பியைச் சரிசெய்யச் சொல்லுங்கள். பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர் இரண்டும் சக்கரம் முழுக்கத் தொங்கும்போது இழுபடுகிறதா என்று ஜாக்கியில் தூக்கிப் பாருங்கள். ஹெட்லைட்டையும் கீழே இறக்க வேண்டும். எதிரே வருகிறவர் உங்களைத் திட்டுவது உங்கள் காதில் விழாது, அவ்வளவுதான்.

சட்டம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஆனால் தவிர்க்க முடியாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டு திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க இடமுண்டு. லிஃப்ட் போட்ட வண்டிகள் நூற்றுக்கணக்கில் ஓடுகின்றனவே என்பது வாதமாகாது. விபத்து நடந்து இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்து பார்க்கும் நாளில்தான் இது பேசப்படும். உங்கள் வண்டியின் வேறொரு மாடலுக்குக் கம்பெனியே கொடுக்கிற டயர், ரிம் அளவுக்குள் இருந்துவிட்டால் இந்தத் தலைவலியே கிடையாது. அதைத் தாண்டுகிறீர்கள் என்றால் தெரிந்தே தாண்டுங்கள். மட்கார்டை மீறி டயர் துருத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

ஹைலக்ஸின் உயரம் 1,815 மி.மீ. லிஃப்ட்டும் டயரும் சேர்ந்து ஆறேழு சென்டிமீட்டர் கூட்டும். அப்பார்ட்மென்ட் பேஸ்மென்டில் அதற்கே பிரச்சனை வராது. மேலே ரேக்கும் கூடாரமும் ஏற்றினால் வரும். அலாய்க்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் வாசல் உத்தரத்தை ஒரு டேப்பால் அளந்துவிடுங்கள்.

வாங்குவதற்கு முன்னும் பின்னும்

முதலில் டேப் எடுத்து, ஹப்பின் நடுவிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை நாலு சக்கரத்திலும் அளந்து எழுதிவையுங்கள். தரையிலிருந்து அளக்க வேண்டாம். டயர், காற்று, தேய்மானம் எல்லாம் அந்தக் கணக்கில் கலந்துவிடும். லிஃப்ட்டுக்குப் பிறகு அதே இடத்தில் அளந்தால், கேட்ட இரண்டு இஞ்ச் வந்திருக்கிறதா, இடமும் வலமும் சமமா என்று தெரிந்துவிடும்.

வரிசை முக்கியம். பெரும்பாலானவர்கள் முதலில் லிஃப்ட் போடுகிறார்கள், பிறகு கண்ணுக்குப் பிடித்த அலாய், கடைசியில் அதற்கு ஏற்ற டயர். இது தலைகீழ். உங்களுக்கு வேண்டிய டயர் உயரத்தை முதலில் முடிவு செய்யுங்கள். அதற்குப் பொருந்துகிற ரிம் அகலமும் ஆஃப்செட்டும் அடுத்தது. அப்புறம் லிஃப்ட் தேவையா என்று பாருங்கள். 265/70 ஆர்17 மட்டும் போதும் என்கிறவருக்குப் பல நேரங்களில் லிஃப்ட்டே வேண்டியிருக்காது.

நாலு டயரும் வாங்குவதற்கு முன்னால் ஒரே ஒரு சக்கரத்தை மாட்டிப் பார்க்கச் சம்மதிக்கிற கடையைத் தேடுங்கள். அதை முன்பக்கம் மாட்டி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, எல்லா இடத்திலும் விரலை நுழைத்துப் பாருங்கள். அதன்பின் அந்தச் சக்கரத்தை நடைமேடை விளிம்பிலோ சாய்தளத்திலோ ஏற்றி, அமுங்கிய நிலையில் மறுபடியும் ஒடியுங்கள். ரிவர்ஸிலும் செய்யுங்கள், முன்னே போகும்போது சத்தமே இல்லாத டயர் ரிவர்ஸில் லைனரைப் பிடித்து இழுப்பதுண்டு. நிஜமாகவே கெட்டிக்காரரான மெக்கானிக் காயிலைக் கழற்றிவிட்டு, ஜாக்கியால் சக்கரத்தைப் பம்ப் ஸ்டாப் வரை தள்ளி, அந்த நிலையில் ஒடித்துக் காட்டுவார். அப்படி ஒருவர் கிடைத்தால் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டிய பிறகு நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக முறுக்க வேண்டும், ஏர் கன்னால் ஒரே இழுப்பில் அல்ல, டார்க் ரெஞ்சால். 50 அல்லது 100 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை. கிருஷ்ணகிரி டோல் தாண்டி டீக்கு நிறுத்துகிற இடத்தில் இதைச் செய்து முடித்துவிடலாம்.

கடைசியாக ஸ்டெப்னி. நாலு டயருக்குப் பணம் கொடுத்துவிட்டு ஐந்தாவதைப் பழைய அளவிலேயே விட்டுவிடுவது இங்கே சகஜம். ஃபோர் வீல் போட்டு ஓட்டும்போது ஒரு சக்கரம் மட்டும் ஏழு சதவீதம் சின்னதாக இருந்தால் முன், பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் அதற்கான விலையைக் கேட்கும். பழைய ஸ்டெப்னியைப் போட்டே ஆக வேண்டும் என்றால் டூ வீலில், மெதுவாக, பக்கத்துப் பஞ்சர் கடை வரை மட்டும் போங்கள். ஐந்தாவதும் பெரிதாக வாங்குகிறவர்கள், பின்னால் அடியில் ஸ்டெப்னி தொங்குகிற இடத்தையும் அளந்துவிடுங்கள். 285/70 அங்கே பல வண்டிகளில் ஏறாது, ஏறினாலும் சைலன்சர் பைப்பை ஒட்டிக்கொண்டு நிற்கும். பின் பெட்டிக்குள் நிறுத்திக் கட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கும். கூடாரம் எங்கே வைப்பது என்று அப்போது வீட்டில் கேட்பார்கள்.